மூன்றாவது மீன்

சனிக்கிழமை காலை, குக்கர் முதல் விசில் அடிப்பதற்குள் முட்டைகள் காணாமல் போயிருந்தன.

மூத்த மாப்பிள்ளை மீன் தொட்டியின் முன் குந்தி உட்கார்ந்தார். உடைந்த பூந்தொட்டியின் ஓடு ஒன்றை மணலில் சாய்த்து வைத்திருந்தார். நேற்று வரை அதன்மேல் வரிசையாக ஒட்டியிருந்த முட்டைகளில் ஒன்றுகூட இல்லை. ஓடு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஆண் மீன் ஒரு மூலையில் நின்றது. பெண் மீன் எதிர் மூலையில் நின்றது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை.

"தின்னுடுச்சு," என்றார்.

"எது?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"தெரியலை. ரெண்டும் வாயை மூடிக்கிட்டு நிக்குது."

"இது மூணாவது தடவை. பெத்ததைத் தின்னு தின்னு அதுங்க நல்லாத்தான் கொழுத்திருக்கு."

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து செல்பேசியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"தங்கச்சி அனுப்பியிருக்கா. அவங்க வீட்டுல குஞ்சு நீந்த ஆரம்பிச்சாச்சாம்."

படத்தில் சகலையின் தொட்டி. இரண்டு மீன்களுக்கு நடுவே புகை போல ஒரு கூட்டம், ஒவ்வொன்றும் கடுகளவு. தொட்டிக் கண்ணாடியில் சகலையும் அவன் மனைவியும் தெரிந்தார்கள். தோளோடு தோள்.

"படம் மங்கலா இருக்கு," என்றார்.

"படம் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு எரியுதுல்ல?"

"என்னது?"

"வயிறு."

அவர் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் வேலை பார்ப்பவர். மருத்துவர் எடுத்துத் தரும் அச்சில் சாந்து ஊற்றித் தாடை வார்ப்பார். அதன்மேல் பல்செட் செய்வார். அந்த ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். அவர் சிரிப்பது குறைவு. மனைவியின் தங்கைக்குக் கல்யாணமாகி வீட்டுக்கு ஒரு சகலை வந்ததிலிருந்து இன்னும் குறைவு.

சகலை லிஃப்ட் பழுது பார்ப்பவன். மாமியார் வீட்டில் குழாய் ஒழுகினால் அவன் வருவான். மின்விசிறி நின்றால் அவன் வருவான். "சின்ன மாப்பிள்ளை கை வெச்சா எதுவும் ஓடும்," என்பார் மாமியார். மூத்த மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லவும் அவரிடம் ஒன்று இருந்தது. "பெரிய மாப்பிள்ளை பாவம், நல்லவர்."

இப்போது தொட்டி விவகாரம். மாமனார் விட்டுப்போன தொட்டி. ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். மாமியார் சின்ன வீட்டுக்குக் குடிபோகிறார். அங்கே அதற்கு இடமில்லை.

"சும்மா அழகுக்கு வெக்கிறவங்களுக்குத் தர மாட்டேன்," என்று மாமியார் அறிவித்திருந்தார். "அவர் இருந்தவரைக்கும் அந்தத் தொட்டியில குஞ்சு இல்லாம இருந்ததே இல்லை. யார் வீட்டுல மீன் குஞ்சு பொரிச்சு நீந்துதோ, அந்த மாப்பிள்ளைக்குத்தான் தொட்டி."

"மூத்த மாப்பிள்ளைக்குத் தர்றதுதானே முறை, அத்தை?" என்று கேட்டுப் பார்த்தார் அவர்.

"முறையெல்லாம் நமக்கு மாப்பிள்ளை. மீனுக்குத் தெரியுமா?"

இரு மாப்பிள்ளைகளும் ஒரே கடையில் ஒரே மாலையில் மீன் வாங்கினார்கள். சிச்லிட் வகை. உடம்பில் கறுப்பும் வெள்ளையுமாகச் சிறைச் சட்டைக் கோடு. கடைக்காரர் கைதி மீன் என்பார். "தண்ணி இருந்தா போதும் சார், குஞ்சு வெச்சுடும். இதை வளர்த்துக் குஞ்சு வரலைன்னா வெளியில சொல்லிக்காதீங்க."

மூத்தவர் என்பதால் முதலில் எடுக்கும் உரிமை அவருக்கு. இருந்ததிலேயே பெரிய ஆணையும் பெரிய பெண்ணையும் எடுத்தார். சகலை ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்ற இரண்டை எடுத்துக்கொண்டான். இரண்டும் சுமார். அன்று அவர் சிரித்தார்.

ஞாயிறு மாலை சகலை வீட்டுக்குக் கிளம்பினார். மீன் வாங்கியதிலிருந்து ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

"வாரா வாரம் அங்க போய் என்ன பார்க்கறீங்க?" என்றாள் மனைவி.

"சொந்தம் விட்டுப்போகக் கூடாதுல்ல."

"இவ்வளவு வருஷம் விட்டுத்தானே போயிருந்தது?"

சகலை வீட்டுக் கதவு மூடியிருந்தது. உள்ளே ஓர் ஆணும் பெண்ணும் உரக்கப் பேசும் சத்தம். ஏதோ படம். பாத்திரம் ஒன்று உருண்டது. மணியை அழுத்தினார். சத்தம் நின்றது. கதவை இருவரும் சேர்ந்தே திறந்தார்கள்.

"வாங்க அண்ணே!"

"வாங்க அத்தான்! வழியில மழையா?"

"படம் பார்த்துட்டு இருந்தீங்களா? நடுவுல வந்துட்டேனா?"

"பரவால்ல அத்தான்," என்றாள் கொழுந்தியாள். "இடைவேளைதான்."

சோஃபாவில் ஒரு தலையணை. மடித்த போர்வை. படுத்தபடியே மீன் பார்க்கும் சொகுசு என்று அவர் நினைத்துக்கொண்டார். அவர் வீட்டுச் சோஃபாவில் துவைத்த துணிக்கு மட்டுமே படுக்க இடம்.

தொட்டியின் முன் நின்றார். குஞ்சுகள் மணலை மேய்ந்தன. தாய் முன்னால் போனது. தகப்பன் பின்னால் வந்தது. வழி தவறிய ஒன்றைத் தகப்பன் வாயில் கவ்விக்கொண்டு வந்து கூட்டத்தில் துப்பியது. அவர் மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். இரண்டு பெரிய மீன்களும் செவுளை விரித்துக்கொண்டு அவர் மூக்குக்கு நேராக வந்தன.

"தண்ணி கொஞ்சம் மங்கல்," என்றார்.

"இல்லையே அண்ணே. காலையிலதானே மாத்தினேன்."

"அது உங்க மூச்சு அத்தான். தள்ளி நின்னா தெளிஞ்சுடும்."

"இவ்வளவு குஞ்சு பொழைக்காது. பாதிதான் தேறும்."

"இவர் முட்டையை அவிச்சு மஞ்சள் கருவைக் கரைச்சு ஊத்தறார் அத்தான். ஒண்ணுகூடப் போகலை."

"இவதான் அண்ணே துணியில வடிகட்டித் தர்றா."

இவர், இவ. அவர் ஏதாவது ஒரு குறை சொல்லச் சொல்ல, இருவரும் இன்னும் ஒரு அங்குலம் நெருங்கி நின்றார்கள். கடைசியில் அவன் கை அவள் தோளில் இருந்தது. அவருக்கு நெஞ்சு வரை புளித்தது.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றான் சகலை. "தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறேனாம். இவ சொல்றா. இவளும்தான் கடிக்கிறா."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான்."

பல் கடிப்பதில்கூட ஜோடி.

"பல் உறை செஞ்சு தர்றேன்," என்றார். "ராத்திரி மாட்டிக்கிட்டுப் படுத்தா பல்லு தேயாது."

மறுநாள் இருவரும் மருத்துவமனைக்கு வந்து அச்சு கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் சகலையின் மேல்தாடைக்கு மட்டும் கூடுதலாக ஒரு வார்ப்பு எடுத்தார். மீன் முட்டையிட மறைவான இடம் தேடும் என்று எங்கோ படித்திருந்தார். தாடையைக் கவிழ்த்து வைத்தால் நல்ல குகை. சகலையின் பல்லுக்கு அடியில் தன் மீன் குஞ்சு பொரிக்கும் என்ற நினைப்பே அவருக்கு இதமாக இருந்தது.

அவ்வளவு பல் வார்த்தவருக்கு அந்தச் சாந்து தண்ணீரில் கரையும் என்பது மறந்துபோனது. மாலைக்குள் தொட்டி மோர் நிறமானது. அந்த நேரம் பார்த்து மாமியார் செல்பேசியில் முகம் காட்டினார்.

"தொட்டியைக் காட்டுங்க மாப்பிள்ளை. ஏன் இப்படிக் கலங்கியிருக்கு? உள்ள வெள்ளையா என்ன அது?"

"குகை அத்தை."

"பல்லு தெரியுதே."

"பல் மாதிரி செஞ்ச குகை."

மாமியார் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டார். "ஓரப் பல்லு ஒண்ணு மேல ஏறியிருக்கே. நம்ம சின்ன மாப்பிள்ளைக்கு இருக்கற மாதிரியே."

"எல்லாருக்கும் அப்படித்தான் அத்தை இருக்கும்."

"எனக்கு இல்லையே. ஆனாலும் நல்லா சிரிக்குது. சின்ன மாப்பிள்ளை சிரிப்பே ஒரு களை."

அவர் தாடையை வெளியே எடுத்தார். அதற்குள் காரியம் கெட்டிருந்தது. தண்ணீர் ஒத்துக்கொள்ளாத எரிச்சலை ஆண் மீன் பெண் மீனிடம் காட்டியது. துரத்தித் துரத்திக் கடித்தது. பெண் மீன் வடிகட்டிக் குழாய்க்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது. அதன் வாலில் ஒரு துண்டு இல்லை.

வளர்ப்பு மீன் கடைக்காரர் ஒரு கையால் தீனி தூவிக்கொண்டே இன்னொரு கையால் செல்பேசியில் ஆடிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஜோடி பார்த்து எடுக்கலை சார். சைஸ் பார்த்து எடுத்தீங்க. அதுங்களுக்குள்ள ஒட்டலை."

"இப்போ என்ன பண்றது?"

"ஒரே வழிதான். மூணாவது ஒண்ணு வேணும்."

"மூணாவதா?"

"நடுவுல ஒரு கண்ணாடித் தடுப்பு வைங்க. அந்தப் பக்கம் இன்னொரு ஆண் மீனை விடுங்க. அது சும்மா நின்னு முறைச்சுக்கிட்டு இருக்கும். இதுங்க ரெண்டும் தங்களுக்குள்ள அடிச்சுக்கறதை விட்டுட்டு, ஒண்ணா சேர்ந்து அதை முறைக்கும். அப்புறம் பாருங்க ஒத்துமையை."

"அந்த மூணாவது மீன் பாவமில்லையா?"

"அதுக்கென்ன சார் குறை? வேளாவேளைக்குத் தீனி வருது. தன்னை எதுக்கு வெச்சிருக்காங்கன்னு அதுக்குத் தெரியவா போகுது?" கடைக்காரர் செல்பேசியில் தோற்றுப்போனார். உச்சுக்கொட்டினார். "உங்க சகலைக்கும் இதையேதான் சொன்னேன். சம்சாரத்தோட வந்திருந்தார். அதுங்களும் நடுவுல கொஞ்ச நாள் அடிச்சுக்கிச்சாம். கேட்டுட்டுப் போனாங்க. இப்போ அங்க குஞ்சு ஓடுது."

மூத்த மாப்பிள்ளைக்குக் காது சூடானது. இவ்வளவு நாள் ஞாயிறு தவறாமல் போயிருக்கிறார். தொழில் ரகசியத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரித்துச் சிரித்து டீ கொடுத்தார்கள்.

கடையிலேயே அதிகம் முறைக்கும் மீனாகப் பார்த்து வாங்கினார். அதற்கு ஒரு பக்கத் துடுப்பு கொஞ்சம் குட்டை.

வித்தை பலித்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் மூன்றாவது மீனை விட்டதும், ஆண் மீன் துரத்துவதை நிறுத்தியது. பெண் மீன் குழாய்க்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கண்ணாடியைப் பார்த்துச் செவுளை விரித்தன. இரண்டு நாளில் பூந்தொட்டி ஓட்டைச் சேர்ந்து சுத்தம் செய்தன. சனிக்கிழமை முட்டை.

அந்த ஞாயிறு அவர் சகலை வீட்டுக்குப் போகவில்லை. நாற்காலியைத் தொட்டி முன் போட்டுக்கொண்டு காவல் இருந்தார். சாயங்காலம் கொழுந்தியாள் அழைத்தாள்.

"இன்னும் கிளம்பலையா அத்தான்?"

"இன்னைக்கு வரலைம்மா. இங்க முட்டை."

"அரை மணி நேரமாவது வந்துட்டுப் போங்களேன்."

"அடுத்த வாரம் பார்க்கலாம்."

"அடுத்த வாரமா?" அவள் குரல் இறங்கியது. "அதுவரைக்குமா..."

பெருமையடிக்க ஆள் இல்லாமல் தவிக்கிறாள் என்று அவர் முடிவு செய்தார். செல்பேசியை வைத்தபோது அவருக்கு உடம்பே லேசாக இருந்தது.

சாப்பிடும்போது அவர் பார்வை மூன்றாவது மீன்மேல் போனது. அது தடுப்பில் மூக்கை வைத்து நின்றது. அந்தப் பக்கம் ஒரு குடும்பம். இந்தப் பக்கம் தண்ணீர் மட்டும். சாப்பிட்டு முடித்து வலையைக் கொண்டு வந்து அதைப் பிடித்து வாளியில் விட்டார்.

"கடைக்காரர் எடுக்கச் சொன்னாரா?" என்றாள் மனைவி.

"முட்டைதான் வந்தாச்சே. இனிமே அது எதுக்கு? அடுத்தவன் குடும்பத்தைப் பார்த்துக்கிட்டே எத்தனை நாள் நிக்கும்?"

"என்னைக்கும் இல்லாம உங்களுக்கு ஒரு மீன்மேல பரிதாபம்?"

"என்னமோ, அதைப் பார்த்தா மனசு கேக்கலை."

காலையில் முட்டை இல்லை. பெண் மீன் மறுபடி குழாய்க்குப் பின்னால் இருந்தது. வாலில் இன்னொரு துண்டு குறைந்திருந்தது. மனைவி வாளியை ஒரு தடவை பார்த்தாள், அவரை ஒரு தடவை பார்த்தாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

அன்றே மாமியாரும் அழைத்தார்.

"வீடு மாத்த ஆள் சொல்லியாச்சு மாப்பிள்ளை. இந்த ஞாயித்துக்கிழமை விட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றேன். சின்னவங்களையும் அங்க வரச் சொல்லிட்டேன். அவங்க குஞ்சைப் படத்துல பார்த்துட்டேன். உங்க குஞ்சையும் ஒரு தடவை பார்த்துட்டா தொட்டி யாருக்குன்னு சொல்லிடுவேன். ரெண்டு பேர் வீட்டுலயும் குஞ்சு இருந்தா மூத்தவருக்குத்தான். போதுமா?"

போதும். ஆனால் குஞ்சு வேண்டும். அது ஓர் இடத்தில்தான் இருந்தது.

ஞாயிறன்று பல் உறைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டார். உறை காயக்கூடாது, தண்ணீரில் போட்டுத்தான் கொடுப்பது வழக்கம். ஒரே மாதிரி இரண்டு வெள்ளை டப்பா. சட்டைப் பையில் அச்சுக் கலவை பீய்ச்சும் ஊசியில்லாத பெரிய சிரிஞ்ச் ஒன்று. கிளம்பும் முன் மூன்றாவது மீனை வாளியிலிருந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் விட்டார். குஞ்சு வரும் வீடு. ஜோடி ஒழுங்காக இருக்கட்டும்.

சகலை வீட்டில் அன்று படம் ஓடவில்லை. ஒரே அமைதி. மணி அடித்து வெகுநேரம் கழித்துக் கொழுந்தியாள் திறந்தாள். சகலை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். கதவுக்குப் பின்னால் பெரிய பெட்டி ஒன்று. பட்டை போட்டு இறுக்கியிருந்தது.

டூர் என்று அவருக்குப் புரிந்தது. குஞ்சும் பெருகியாச்சு. இப்போது ஊர் சுற்றல்.

"பயணமா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இன்னும் முடிவாகலை அத்தான்," என்றாள் அவள்.

"குஞ்சுங்களை விட்டுட்டா? யார் பார்த்துக்குவா? பொறுப்பில்லாம குஞ்சு பொரிக்க வெச்சா இப்படித்தான்."

ஜன்னலிலிருந்து சகலை திரும்பினான். "பொறுப்பில்லாமன்னு சொல்லாதீங்க அண்ணே. ராத்திரியில எழுந்து எழுந்து பார்க்கறது இவதான்."

அவள் அவனைப் பார்த்தாள். "இவரும்தான் அத்தான் பார்க்கறார்."

மூத்த மாப்பிள்ளை அதைக் கேட்கவில்லை. தொட்டியின் நான்கு பக்கமும் சுற்றினார். மேலே பார்த்தார். பின்னால் பார்த்தார்.

"மூணாவது மீன் எங்க?"

"எந்த மூணாவது அண்ணே?"

"கடைக்காரர் எல்லாம் சொல்லிட்டார். எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"நாங்க அது வாங்கவே இல்லையே அண்ணே," என்றான் சகலை.

கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சகலையும் அவளைப் பார்த்துச் சிரித்தான். உள்ளே வந்ததிலிருந்து அவர்கள் சிரித்தது அப்போதுதான். பொய்யும் சொல்லி, சிரிக்கவும் சிரிக்கிறார்கள் என்று அவர் மனதில் குறித்துக்கொண்டார்.

"சரி, உறையை மாட்டிப் பாருங்க சகலை. கண்ணாடியில பார்த்து மாட்டணும்."

சகலை தன் உறையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனான். அவள் டீ போடப் போனாள். சகலையின் டப்பா காலி. சிரிஞ்சைத் தொட்டிக்குள் விட்டார். தகப்பன் மீன் பாய்ந்து வந்து சுண்டுவிரலைக் கடித்தது. தாய் மணிக்கட்டுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு முறை உறிஞ்சினார். இருபது இருக்கும். டப்பாவில் பீய்ச்சி மூடினார்.

"அத்தான், கை ஏன் ஈரமா இருக்கு?" டீ டம்ளருடன் அவள் நின்றிருந்தாள்.

"உன் உறையில தண்ணி அதிகம்மா. கொஞ்சம் கொட்டினேன்."

சகலை உறை மாட்டிய வாயுடன் வந்தான். மேலுதடு குரங்குபோல் உப்பியிருந்தது. ஏதோ சொன்னான். காற்று மட்டும் வந்தது. கழற்றி வைக்க டப்பாவைக் கேட்டுக் கை நீட்டினான்.

"கழற்றாதீங்க!" என்று கத்திவிட்டார். "முதல் நாள் அப்படியேதான் இருக்கணும். பழகணும். ராத்திரி வரைக்கும் பேசவே கூடாது."

"ராத்திரி வரைக்குமா?" என்றாள் கொழுந்தியாள். முகம் மலர்ந்தது. "நல்ல வைத்தியம் அத்தான். ரொம்ப நல்ல வைத்தியம்."

சகலை அவளை முறைத்துப் பார்த்தான். உப்பிய உதட்டோடு முறைப்பு எடுபடவில்லை. அவள் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தாள். அவனும் உறைக்குள்ளேயே சிரித்தான். அவர் பதறிப்போய் ஒரு டப்பாவை மேசையில் வைத்தார். ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினார். செருப்பு மாட்டும்போது, பெட்டியை அலமாரிமேல் தூக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் நேராகத் தொட்டிக்குப் போனார். டப்பாவைத் தண்ணீரில் மெல்லக் கவிழ்த்தார்.

கண்ணாடி நிறத்தில் வளைவான ஒன்று ஆடி ஆடி இறங்கி மணலில் உட்கார்ந்தது. கொழுந்தியாளின் மேல்தாடை அளவு.

"இதுவும் குகையா?" என்றாள் மனைவி.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அங்கே அவள் பல் உறை எடுக்க டப்பாவைத் திறப்பாள். உள்ளே இருபது குஞ்சு நீந்தும். அவளுக்குக் கணக்கு போடத் தெரியும். உறையையாவது எடுத்துவிடலாம் என்று கையை விட்டார். ஆண் மீன் ஒரு பக்கமும் பெண் மீன் மறுபக்கமும் கடித்தன. கையை எடுத்துக்கொண்டார். முட்டை போன பிறகு அவர் வீட்டு ஜோடி ஒன்றாகச் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

செல்பேசி ஒலிக்கும் என்று அன்று முழுக்கக் காத்திருந்தார். ஒலிக்கவில்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் அவர் செய்த பல்செட் ஒன்றில் கீழ்வரிசை மேலே போனது.

"யாருக்குச் செஞ்சீங்க இதை?" என்றார் மருத்துவர். "தலைகீழா நின்னு சாப்பிடறவருக்கா?"

கொழுந்தியாள் எல்லோர் முன்னாலும் சொல்வதற்காகக் காத்திருக்கிறாள். மாமியார் முன்னால். குஞ்சு திருடிய மூத்த மாப்பிள்ளை. இனி "நல்லவர்" கூடக் கிடையாது. "பாவம்" மட்டும்தான்.

ஞாயிறு வந்தது. மாமியார் வந்தார். சகலையும் கொழுந்தியாளும் ஒரே குடையில் வந்தார்கள். மாமியார் நேராகத் தொட்டிக்கு முன் போய்க் குனிந்தார்.

"குஞ்சு எங்க மாப்பிள்ளை?"

"முட்டை இருக்கு அத்தை. நேத்துதான் வெச்சது."

"எதுமேல வெச்சிருக்கு?"

மணலில் பல் உறை மல்லாந்து கிடந்தது. கடைவாய்ப் பல்லின் குழிகள் முழுக்க முட்டை. பெண் மீன் வாலால் விசிறிக்கொண்டிருந்தது. ஆண் மீன் மாமியாரை முறைத்தது.

"இதுவும் பல்லா?" என்றார் மாமியார். "போன தடவை தாடை. இந்தத் தடவை இது. அடுத்த தடவை நாக்கா? யாருது?"

மனைவி கணவனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"என்னுதும்மா," என்றாள் கொழுந்தியாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு இனிமே வேண்டாம்னு நான்தான் அத்தான்கிட்ட திருப்பிக் கொடுத்தேன். மீனுக்காவது ஆகட்டுமே."

அவர் கண்ணைத் திறந்தார்.

"என்னமோ போங்க," என்றார் மாமியார். "முட்டை கணக்குல வராது மாப்பிள்ளை. பேச்சு பேச்சுதான். பெரிய தொட்டி சின்னவங்களுக்கு. நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. நீங்க பாவம், நல்லவர்."

பெரிய தொட்டி. ஆள் படுக்கும் தொட்டி. அதில் சகலையின் குஞ்சுகள் வரிசையாக நீந்தும். அவர் வயிற்றில் பழைய அடுப்பு மறுபடி பற்றிக்கொண்டது. முகம் மலர்ந்திருக்க வேண்டும் என்று முயன்றார். முறைப்புதான் வந்தது. சகலை அதைப் பார்த்ததும் ஒரு எட்டு நகர்ந்து மனைவியின் பக்கத்தில் நின்றுகொண்டான்.

மாமியார் டீ கேட்டார். மனைவி சமையலறைக்குப் போனாள். தொட்டியை மாடிக்கு எப்படி ஏற்றுவது என்று மாமியாருக்கு விளக்கிக்கொண்டே சகலையும் பின்னால் போனான். கொழுந்தியாள் மட்டும் நின்றாள். கைப்பையிலிருந்து வெள்ளை டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"கழுவிட்டேன் அத்தான். உள்ள அவரோட உறை இருக்கு. அவரும் இப்போ பல்லைக் கடிக்கறதில்லை."

"அந்தக் குஞ்சுங்க..."

"தொட்டியிலயே திருப்பி விட்டுட்டேன். எல்லாம் உயிரோடதான் இருந்தது. அவருக்குத் தெரியாது."

"ஏம்மா என்னைக் காட்டிக்கொடுக்கலை?"

அவள் தொட்டியைப் பார்த்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் மூன்றாவது மீன் கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றது. இந்தப் பக்கம் ஜோடி தோளோடு தோளாக அதை முறைத்தது.

"கடைக்காரர் சொன்ன மூணாவது மீனை நாங்க வாங்க வேண்டியே வரலை அத்தான், ஞாயித்துக்கிழமை தவறாம நீங்கதான் வந்து நின்னீங்களே, நீங்க வராத அந்த ஒரு வாரத்துலதான் நான் அம்மா வீட்டுக்கே போயிடறதுன்னு பெட்டியைக் கட்டினேன் — அடுத்த ஞாயித்துக்கிழமை வந்துடுவீங்கல்ல?"